ஐராவதியிலிருந்து மாதவரம் வரை: அத்தோவின் பயணம்

மாலை மங்கும் நேரத்தில் மூலக்கடைச் சந்திப்பிலிருந்து மாதவரம் ரவுண்டானா பக்கம் நடந்தால், எந்தப் பசிக்கும் சாலையோரத்தில் ஏதோ ஒரு வண்டி நிற்கும். ஒன்றில் இட்லிக் கொப்பரை ஆவி விடுகிறது. அடுத்ததில் சிக்கன் பக்கோடா பொரிகிறது. இன்னொன்றில் பானிபூரி. இவற்றுக்கு நடுவே அகன்ற தாம்பாளத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் குவித்து, சுற்றிலும் கிண்ணங்களை அடுக்கிய வண்டி ஒன்று இருக்கும். சீவிய முட்டைக்கோஸ், நறுக்கிய வெங்காயம், பொன்னிறமாக வறுத்த பூண்டு, கொத்தமல்லி, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர். ஓரத்தில் அடுப்பின் மேல் பெரிய குண்டானில் வாழைத்தண்டு சூப். அதுதான் அத்தோ வண்டி.

“அண்ணா, ஒரு அத்தோ, காரம் கொஞ்சம் தூக்கலா” என்று சொன்னால் போதும். கடைக்காரர் ஒரு பிடி நூடுல்ஸைக் கிண்ணத்தில் போடுவார். முட்டைக்கோஸும் வெங்காயமும் மேலே விழும். பூண்டு எண்ணெய் ஒரு கரண்டி, புளித்தண்ணீர் ஒரு கரண்டி, உப்பு, மிளகாய்த்தூள். பேஜோ என்கிற மொறுமொறுப்பான வறுவலை உள்ளங்கையில் நொறுக்கித் தூவுவார். பிறகு ஐந்து விரல்களையும் உள்ளே விட்டு, நூடுல்ஸ் அறுந்துவிடாமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் பிசைவார். எலுமிச்சையைப் பிழிந்து தட்டில் வைத்து நீட்டும்போதே, பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சூப் வந்துவிடும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

வடசென்னைக்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் தட்டில் இருக்கும் நூடுல்ஸ் எந்த வழியாக இங்கே வந்தது, யார் கொண்டுவந்தார்கள், ஏன் இந்தத் தெருவில் தங்கியது என்பது அதைத் தினமும் சாப்பிடுகிறவர்களில் பலருக்கும் முழுதாகத் தெரியாது. ஒரு நதியின் கழிமுகத்தில் தொடங்கி, ஒரு போரையும் ஒரு ராணுவ ஆட்சியையும் கடந்து, துறைமுகத்தில் இறங்கி, மூன்று தலைமுறைகளில் மாதவரம் வரை நகர்ந்த கதை அது. அந்தக் கதை நெடுகிலும் நாம் பின்தொடர வேண்டியது ஒன்றைத்தான்: பிசைகிற கை.

ரங்கூன்

அத்தோவின் பிறந்த வீடு பர்மா. அங்கே கையால் பிசைந்து தரும் உணவுகள் ஒரு பெரிய குடும்பமே உண்டு. நூடுல்ஸில் செய்கிறார்கள், சோற்றில் செய்கிறார்கள், இஞ்சியில் செய்கிறார்கள், புளிக்கவைத்த தேயிலையில்கூடச் செய்கிறார்கள். முறை ஏறக்குறைய ஒன்றுதான். வேகவைத்த பொருளோ பச்சைப் பொருளோ, அதனுடன் பூண்டு மணக்கும் எண்ணெய், வறுத்த கடலை மாவு, காய்ந்த இறால் பொடி, மீன் சாறு, புளி அல்லது எலுமிச்சை. கடைசியில் கை.

இந்தக் கிண்ணத்துக்குள் ஏற்கெனவே இரண்டு நாடுகளின் வாசனை இருந்தது. நூடுல்ஸ் சீனத்தின் பக்கமிருந்து வந்தது. கடலை மாவில் இந்திய உறவின் தடம் இருந்தது. பர்மாவின் காலை உணவான மொய்ங்காவும் அப்படித்தான். அரிசி நூடுல்ஸின் மேல் மீன் குழம்பை ஊற்றித் தருவது அது. குழம்பில் வாழைத்தண்டு, இஞ்சி, எலுமிச்சைப்புல் எல்லாம் சேரும், கெட்டிப்படுத்துவதற்குக் கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ கரைத்து ஊற்றுவார்கள். மேலே பருப்பு வறுவலை உடைத்துப் போடுவார்கள். அந்த வறுவல்தான் நம்மூர் பேஜோவின் மூதாதை.

தமிழர்கள் அங்கே போனது பிரிட்டிஷ் ஆட்சியின் பின்னால். 1826, 1852, 1885 என்று மூன்று போர்களின் முடிவில் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்புக் காடுகள் வயலாகின. வயலுக்குக் கடன் கொடுக்க நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். அறுக்கவும் மூட்டை தூக்கவும் ஆலையில் நிற்கவும் சென்னை மாகாணத்தின் தமிழ், தெலுங்குக் கூலிகள் போனார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். சென்னைத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பலில் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி ரங்கூன் போய்ச் சேருவார்கள். எதிர்த்திசையில் அரிசியும் தேக்கும் வந்தன. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் இன்றும் நிற்கும் பர்மா தேக்கு அந்த வழியில் வந்ததுதான். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள். கூலிக் கொட்டகையில் பத்துப் பேர், இருபது பேர் நெருக்கியடித்துத் தூங்கியவர்கள். வேலை முடிந்து தனியாக, சமைக்கத் தெம்பில்லாமல் தெருவுக்கு வரும் மனிதனுக்கு ரங்கூனின் நடைபாதைகள் சோறு போட்டன. குட்டை முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்தத் தெருவோரக் கடைகளில் தமிழ் நாக்கு பர்மியச் சுவையைக் கற்றது. புளியும் பூண்டும் மிளகாயும் ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் கற்பதற்கு நாளாகவில்லை. பதிலுக்கு நாமும் கொடுத்தோம். இப்போது யாங்கோன் என்று அழைக்கப்படும் ரங்கூனின் தெருக்களில் இன்றும் தோசை வார்க்கிறார்கள். பரோட்டா அங்கே பலாத்தாவாகி, தேநீர்க்கடைகளின் அன்றாட உணவாகிவிட்டது.

அந்த உறவில் காயமும் இருந்தது. 1930களின் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்தபோது கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களின் கைக்கு மாறியது. 1937ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. தன் மண்ணில் தானே குத்தகைக்காரனாகிப் போன விவசாயியின் கோபத்தை நாம் புரிந்துகொள்ளத்தான் வேண்டும். அந்தக் கோபத்தின் அடியை வாங்கியதோ வட்டிக்கடைக்காரர்கள் மட்டுமல்ல, மூட்டை தூக்கியவர்களும்தான். 1930லும் 1938லும் ரங்கூனில் கலவரங்கள் வெடித்தன.

கப்பல்

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலைகளின் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே செத்துப்போனவர்கள் பல்லாயிரம் பேர். 1952ல் வந்த ‘பராசக்தி’ படத்தின் கதை ரங்கூனில் வாழும் மூன்று அண்ணன்மாரையும் மதுரையில் இருக்கும் ஒரு தங்கையையும் போர் பிரிப்பதில் தொடங்குகிறது. அன்றைய தமிழ்நாட்டில் அது பல வீடுகளுக்குச் சொந்தக் கதை.

போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1948ல் பர்மா சுதந்திரம் பெற்ற பிறகும் அங்கேயே தங்கினார்கள். 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். வங்கிகளும் ஆலைகளும் பின்னர் தெருக்கடைகளும் அரசுடைமையாயின. 1964ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. கடை போனது, கையிருப்பும் போனது. பெட்டி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த ஆண்டு முதல் ரங்கூனிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். நகையையும் பணத்தையும் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ரங்கூன் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், மடியைத் தடவிப் பார்த்தார்கள். பூண்டை எந்தப் பதத்தில் எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டும், நூடுல்ஸை எவ்வளவு நேரம் வேகவிட வேண்டும் என்கிற கைப்பக்குவத்தை எந்தச் சுங்க அதிகாரியாலும் எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவர்களில் பலருக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்ற அரசாங்கப் பெயர் பொருந்தவே இல்லை. பர்மாவில் பிறந்து, பர்மிய மொழி பேசி வளர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு புது ஊர். மனம் ஒப்பாமல் சிலர் திரும்பவும் பர்மாவுக்கே தரைவழியாகப் போக முயன்றார்கள். மணிப்பூரின் எல்லையூரான மோரேவைத் தாண்ட முடியாமல் அங்கேயே தங்கினார்கள். மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் உருவானது அப்படித்தான்.

இந்த உணவும் ஒரே ஊரில் கரை இறங்கவில்லை. பர்மாவில் வணிகம் செய்த குஜராத்தியரும் மேமன்களும் சூரத்துக்கும் கராச்சிக்கும் கொண்டுபோனது தேங்காய்ப்பால் குழம்பில் மிதக்கும் நூடுல்ஸை. அது அங்கே வீட்டு விருந்தாயிற்று. இன்று பெரிய ஓட்டல்களின் பட்டியலில் ‘கௌ சுவே’ என்று விலையோடு நிற்பதும் அந்த வகைதான். சென்னையில் தெருவைப் பிடித்ததோ கையால் பிசையும் அத்தோ. அதற்குக் காரணம் உண்டு.

செகண்ட் லைன் பீச்

சென்னையில் இறங்கியவர்களுக்கு முதல் தேவை பிழைப்பு. 1969ல் ராஜாஜி சாலையோரம், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பர்மா பஜார் உருவானது. வெளிநாட்டுத் துணி, வாசனைத் திரவியம், டிரான்சிஸ்டர் என்று விற்கும் சிறுகடைகளின் நீண்ட வரிசை. அதே 1969ல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்குக் கடன் தர ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. பஜாரில் கடை எடுக்க முடிந்தவர்கள் எடுத்தார்கள். முடியாதவர்களில் சிலர் பின்னால் இருக்கும் செகண்ட் லைன் பீச் சாலையில் வண்டி போட்டார்கள். பஜார் வியாபாரிகளுக்கும் பர்மாவின் சுவைக்கு ஏங்கியவர்களுக்கும் அங்கே தட்டு நீண்டது.

அத்தோ வியாபாரத்தின் கணக்கு எளிமையானது. நூடுல்ஸை வீட்டிலேயே வேகவைத்து எண்ணெய் தடவிக் கொண்டுவரலாம். பூண்டும் வெங்காயமும் வீட்டிலேயே வறுபட்டுவிடும். வண்டியில் சூப்பைச் சூடாக வைக்க ஓர் அடுப்பு போதும். தோசைக் கல் வேண்டாம், புரோட்டா மாவு அடிக்க ஆள் வேண்டாம், வாடிக்கையாளர் காத்திருக்கவும் வேண்டாம். கையில் முதல் இல்லாத ஒரு குடும்பம் நாளையே தொடங்கக்கூடிய தொழில். தேங்காய்ப்பால் குழம்பை இந்தக் கணக்கில் விற்க முடியாது. தெரு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில் சுவைக்கு எவ்வளவு பங்கோ, முதலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இடமும் கைகொடுத்தது. பக்கத்திலேயே துறைமுகம், சுங்கத்துறை அலுவலகம், ரிசர்வ் வங்கி, தலைமைத் தபால் நிலையம். மாலையில் அலுவலகம் விட்டுக் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் போகிற குமாஸ்தா, கப்பலில் சரக்கு இறக்கிவிட்டு வரும் தொழிலாளி, பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்பவர் என்று எல்லோரும் கடக்கிற வழி. அங்கிருந்து ஒரு ரயில் தாம்பரத்துக்குப் போகிறது, இன்னொன்று திருவொற்றியூர், எண்ணூர் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. சாப்பிட்டவர்கள் அந்தச் சுவையைத் தங்கள் பேட்டைக்குப் பேச்சாக எடுத்துப் போனார்கள். பின்னாலேயே வண்டிகளும் போயின.

கரை இறங்கிய உணவு மாறவும் செய்தது. மீன் சாறும் இறால் பொடியும் பெரும்பாலான வண்டிகளிலிருந்து விலகின. அதனால் சைவம் சாப்பிடுகிறவரும் தயங்காமல் நிற்க முடிந்தது. மொய்ங்காவின் வாழைத்தண்டு, மீன் இல்லாத சூப்பாகி அத்தோவின் கூடப்பிறப்பானது. பர்மாவில் விடிகாலையில் சாப்பிடுவது இங்கே மாலைப் பலகாரமாயிற்று. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் புளியும் மிளகாயும் அடைத்துத் தரும் மசாலா முட்டை பக்கத் துணையாகச் சேர்ந்தது. முட்டை அத்தோ, சிக்கன் அத்தோ வந்தன. ஃபாஸ்ட் ஃபுட் வாணலி பரவிய பிறகு, தீயில் புரட்டி எடுக்கும் ஃப்ரை அத்தோவும் வந்தது. ரங்கூன்காரர் ஒருவர் இன்று வந்து சாப்பிட்டால் உறவு தெரியும், ஆனால் தன் வீட்டுப் பிள்ளை என்று சொல்லத் தயங்குவார். அதில் குறையில்லை. புலம்பெயர்ந்த எந்த உணவும் புது ஊரின் பசிக்கு ஏற்ப மாறித்தான் உயிர் வாழ்கிறது. இத்தாலியின் நேபிள்ஸில் ஏழைகளின் தெருச் சாப்பாடாக இருந்த பீட்சா கப்பலேறிய உழைப்பாளிகளோடு அமெரிக்கா போனது. 1905ல் நியூயார்க்கின் லம்பார்டி கடை அதை விற்கத் தொடங்கியது. அமெரிக்க அடுப்பில் அது வேறொன்றாக வளர்ந்து, பிறகு உலகம் சுற்றி மாதவரத்துக்கும் வந்துவிட்டது. அத்தோவின் கதை அளவில் சிறியது, வகையில் அதேதான்.

இந்த இடத்தில் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், யார் சமைத்ததைச் சாப்பிடலாம் என்பதையெல்லாம் சாதி தீர்மானித்த சமூகம் நம்முடையது. வெளியே சாப்பிடுவதே ஒரு காலத்தில் தீட்டாகக் கருதப்பட்டது. ஓட்டல்கள் வந்த பிறகும் பலகையில் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்தியது 1957ல். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதே நகரத்தின் ஒரு தெருவில், கடல் தாண்டி வந்த ஒருவர், என்ன சாதி என்று யாரும் கேட்காமல், கண்ணெதிரே தன் வெறுங்கையால் உணவைப் பிசைந்து நீட்டத் தொடங்கினார். நகரம் அதை வாங்கிச் சாப்பிட்டது, மறுநாளும் வந்தது. எந்த மேடையும் இல்லாமல் நடந்த இந்த மாற்றத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன். தோசையிலும் சோற்றிலும் சமைத்தவரின் கை மறைந்திருக்கும். அத்தோவில் கைதான் கடைசிப் பாத்திரம். அந்தக் கையை ஏற்காமல் அத்தோவைச் சாப்பிட முடியாது.

வியாசர்பாடி

செகண்ட் லைன் பீச் வண்டிகளின் சமையலறை வேறிடத்தில் இருந்தது. திரும்பி வந்தவர்களுக்காக அரசு அமைத்த குடியிருப்புகளில் முக்கியமானது வியாசர்பாடி பி.வி. காலனி. அப்போது முதலமைச்சராக இருந்த எம். பக்தவத்சலத்தின் பெயரைத் தாங்கியது அது. காரைக்குடி, திருச்சி, மதுரை என்று பல ஊர்களிலும் பர்மா காலனிகள் எழுந்தன. விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டாவுக்குப் பேர்போன கடைக்குப் பெயரே பர்மா கடை.

அத்தோவின் பெரும்பகுதி வண்டிக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. காலையிலேயே பூண்டு உரிக்கத் தொடங்க வேண்டும். பூண்டைச் சன்னமாகச் சீவி, மிதமான சூட்டில் எண்ணெயில் போட்டு, நிறம் மாறத் தொடங்கியதுமே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் சூட்டில் அது சிவந்துகொண்டே போகும். வாணலியிலேயே சிவக்க விட்டால் தட்டில் கசக்கும். வெங்காயத்துக்கு ஈரம் அதிகம், அதற்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். வறுத்துமுடித்த எண்ணெயைக் கொட்டிவிடக் கூடாது. அத்தோவின் வாசனை அதில்தான் இருக்கிறது. பேஜோவைத் தட்டையைப் போல மெல்லியதாகப் பொரித்து, காற்றுப் படாத டின்னில் அடைக்க வேண்டும். வாழைத்தண்டின் நாரைச் சுற்றி எடுத்து நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைத்தால் கறுக்காது. இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு சேர்த்துக் கொதிக்கவிட்டு, தண்டு பல்லுக்கு மெத்தென்று ஆகும் வரை அடுப்பை அணைக்கக் கூடாது.

பல குடும்பங்களில் இந்த வேலைகள் அம்மா, பாட்டி, அத்தைகளின் கையில்தான் நடந்துவந்தன. தெருவில் பேர் வாங்கியவர் வண்டிக்காரர். அந்தப் பேரில் பாதி, பூண்டு உரித்து நகக்கண் எரிந்த பெண்களுக்குச் சேர வேண்டும். அத்தோ பற்றிப் பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

காலனியில் பிறந்த குழந்தைகளுக்குப் பர்மா பாட்டி சொன்ன ஊர். படித்து வேறு வேலைக்குப் போனவர்கள் அதிகம். வண்டியைத் தொடர்ந்தவர்களில் சிலர் பெரம்பூர், கொடுங்கையூர், மாதவரம் என்று இடம் தேடி நகர்ந்தார்கள். அதைவிட முக்கியமான நகர்வு இன்னொன்று. பர்மாவோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் அத்தோ போடக் கற்றுக்கொண்டார்கள். இன்று ஒரு வண்டிக்காரரிடம் “உங்க பூர்வீகம் பர்மாவாண்ணா?” என்று கேட்டால், “இல்ல தம்பி, திண்டிவனம் பக்கம்” என்று பதில் வருவதில் வியப்பில்லை. அத்தோ ஒரு சமூகத்தின் சொத்தாக இருந்து ஊரின் சொத்தாக மாறியது அந்தப் பதிலில்தான் தெரிகிறது.

மாதவரம்

மாதவரத்தை வெளியூர்க்காரர்கள் பலர் வழியில் வரும் ஊராகவே அறிவார்கள். ஜி.என்.டி. சாலை கொல்கத்தா நோக்கிக் கிளம்பும் வழி. துறைமுகத்தின் சரக்கைச் சுமந்த லாரிகளும் அதை இறக்கும் கிடங்குகளும் நிறைந்த இடம். பால் பண்ணையும் பால் காலனியும் இதன் பழைய அடையாளங்கள். 2011ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018 அக்டோபரில் ஆந்திராவுக்குச் செல்லும் பேருந்துகளுக்காகப் புறநகர்ப் பேருந்து நிலையம் திறந்தது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் மாதவரத்திலிருந்து கிளம்புகின்றன. ஒன்று சிறுசேரி சிப்காட்டுக்கு, இன்னொன்று சோழிங்கநல்லூருக்கு.

இப்படிப்பட்ட ஊரில் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் அதிகம். நெல்லூருக்குப் பேருந்து ஏற வந்தவர், சரக்கு இறங்கும்வரை காத்திருக்கும் லாரி டிரைவர், கிடங்கில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர், மெட்ரோ வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளி. தனியாகச் சாப்பிடுவதை நம் வீடுகளில் ஒரு துக்கம்போலப் பார்ப்பார்கள். “பாவம், தனியா சாப்பிடுறான்” என்பார்கள். ஓட்டலில் ஒற்றை ஆளாகப் போனால் நான்கு பேர் மேசையில் உட்கார்ந்த கூச்சம் வரும். அத்தோ வண்டியில் அந்தக் கூச்சத்துக்கே இடமில்லை. மேசை இல்லை, எல்லோரும் நிற்கிறார்கள், எல்லோர் கையிலும் ஒரே மாதிரித் தட்டு. பக்கத்தில் நிற்பவரோடு பேசவும் செய்யலாம், பேசாமலும் இருக்கலாம்.

நான் மாதவரத்தில் அத்தோ சாப்பிடுவது பெரும்பாலும் தனியாகத்தான், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சு இல்லாதபோது நாக்கு கவனிக்கத் தொடங்குகிறது. முதல் வாயில் புளிப்பு முந்துகிறது. பின்னாலேயே பூண்டு எண்ணெயின் மணம். பச்சை முட்டைக்கோஸ் நறநறவென்று கடிபடும்போது நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு போகிறது. பேஜோ துண்டுகளில் சில ஊறிவிட்டிருக்கும், சில இன்னும் மொறுமொறுக்கும். காரம் ஏறுகிற நேரத்தில் சூப்பை உறிஞ்சினால் தொண்டை இதமாகிறது. கிண்ணம் காலியாவதைப் பார்த்து “சூப் ஊத்தட்டா தம்பி?” என்று கேட்பார்கள். இரண்டாவது கிண்ணத்துக்குக் காசு கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் நம் வயிறு நிறைந்ததா என்று கேட்பதில் இருக்கும் இன்பம், எந்த உயர்ந்த ஓட்டலின் உபசரிப்புக்கும் குறைந்ததல்ல. ரங்கூன் நடைபாதையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட கூலித் தமிழருக்கும் அதே ஆறுதல்தான் கிடைத்திருக்கும்.

இப்போது சில வண்டிகளில் பிளாஸ்டிக் கையுறை போட்டுப் பிசைகிறார்கள். சுத்தம் பற்றிய அக்கறையை நான் வரவேற்கிறேன். வெறுங்கையானாலும் கையுறையானாலும், கழுவ நல்ல தண்ணீர் இருந்தால்தான் அந்த அக்கறை முழுமையாகும். பெரும்பாலான வண்டிகளுக்கு அந்தத் தண்ணீர் வீட்டிலிருந்து குடத்தில் வருகிறது. குறை சொல்ல வேண்டியது வண்டிக்காரரை அல்ல, குழாய் வைக்காத தெருவை.

மெட்ரோ ஓடத் தொடங்கும்போது மாதவரம் மாறும். நிலையங்களைச் சுற்றி நடைபாதை அகலமாகும், கண்ணாடிக் கடைகள் வரும், பீட்சாவும் பர்கரும் நிறைய வரும். அவையும் வரட்டும். நல்ல பீட்சாவை நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். ஆனால் அந்த அழகுபடுத்தலில் முதலில் அப்புறப்படுத்தப்படுவது தள்ளுவண்டிகள்தான் என்பது எல்லா ஊர்களிலும் பார்த்த கதை. தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. வியாபாரிகளின் பிரதிநிதிகளும் உட்காரும் நகர விற்பனைக் குழு வேண்டும் என்கிறது. மாதவரத்தின் நிலைய வாசல்களைத் திட்டமிடும் மேசையில் இந்தச் சட்டம் திறந்திருக்க வேண்டும். வாசல்தோறும் வண்டிகளுக்குக் கோடு போட்ட இடம், ஒரு தண்ணீர்க் குழாய், கழிவுநீர் போக ஒரு வழி, ஒரு விளக்கு. கோடிக்கணக்கில் செலவழியும் திட்டத்தில் இது பெரிய தொகையே அல்ல.

எல்லாம் இழந்து இறங்கியவர்களுக்குச் சென்னை கொடுத்தது ஒரு தெருவோரம். அவர்கள் திருப்பிக் கொடுத்தது ஒரு புதுச் சுவையையும், யார் கை என்று கேட்காமல் சாப்பிடும் பழக்கத்தையும். அந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் முடியவில்லை. நாளை வேறு ஊரிலிருந்து, வேறு கஷ்டத்திலிருந்து மாதவரம் வந்து இறங்குகிறவருக்கும் கைப்பக்குவம் மட்டுமே சொத்தாக இருக்கலாம். அவர் வண்டியை நிறுத்த ஆறடி இடம் இருக்குமா என்பதை நாம் இப்போதே முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.

இதுவரை அத்தோ சாப்பிடாதவர்கள் இந்த வாரமே ஒரு மாலை வடசென்னைக்கு வாருங்கள். நேரமாக ஆகப் பேஜோ தீர்ந்துவிடும், ஆறு ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவது நல்லது. துணைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். தனியாகவே வாருங்கள், காரம் தூக்கலாகக் கேளுங்கள், இரண்டாவது கிண்ணம் சூப்புக்குத் தயங்காதீர்கள்.